எடுத்துவிட ஓர் ஆள்

எங்கள் நான்ஜிங்கில் குளிர்கால இருமலுக்குக் கோடையில்தான் மருந்து போடுவார்கள். மண்டையைப் பிளக்கிற சன்ஃபூ வெயில் வந்துவிட்டால், சீன வைத்திய ஆஸ்பத்திரி வாசலில் விடிவதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். மூட்டுவலிக்காரர்கள், மூச்சிரைப்புக்காரர்கள், குளிர் வந்தால் மூக்கு ஒழுகும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் என்று எல்லோரும் முதுகைக் காட்டத் தோதாகத் தொளதொளச் சட்டையில் நிற்பார்கள். வெயிலில் உடம்பு திறந்து கிடக்கிற நேரம் பார்த்து, வெண்கடுகும் இஞ்சிச் சாறும் குழைத்த பற்றை முதுகில் ஒட்டினால், எலும்புக்குள் பதுங்கியிருக்கிற பழைய குளிர் வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. முதல் ஃபூ, நடு ஃபூ, கடைசி ஃபூ என்று வெயிலுக்கு மூன்று கட்டம். கட்டத்துக்கு ஒரு தடவை ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒன்றை விட்டால் அந்த வருடம் பாழ்.

அந்தக் கோடையில் நானும் வரிசையில் நின்றேன். என் இருமல் போகுமா போகாதா என்பதில்தான் நான் இந்த ஊரில் இருப்பேனா மாட்டேனா என்பதே தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். வடக்கே இருக்கிற மகராசர்களுக்கு அரசாங்கமே குழாய் போட்டு வீட்டுக்குள் சூடு அனுப்புகிறது. ஆற்றுக்குத் தெற்கே பிறந்த பாவத்துக்கு நாங்கள் குளிர்காலத்தில் பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டு, பஞ்சுக் கோட்டைப் போட்டுக்கொண்டே டிவி பார்ப்போம். முந்தின குளிரில், புது வருடத்துக்குக் கொஞ்சம் முன்னால், இருமலோடு படுத்த நான் எழுந்திருக்கவில்லை. என் மகள் நிங்நிங் ஷென்சென்னில் இருக்கிறாள். போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுக் குடியிருப்பு அலுவலகத்தைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர்கள் பூட்டை உடைத்து உள்ளே வந்தபோது நான் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் கிடந்தேனாம். எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோது நிங்நிங் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு குளிர்காலம் பாப்பேன்மா. அடுத்த குளிர்ல நீ இருமுற சத்தம் என் காதுல விழுந்துச்சுன்னா, வீட்ட வாடகைக்கு விட்டுட்டு என்கூட வந்துடணும். அப்பறம் பேச்சே கிடையாது" என்றாள்.

ஷென்சென்னுக்கு ஒரு தடவை போயிருக்கிறேன். நல்ல ஊர்தான், யார் இல்லையென்றது. ஆனால் அங்கே பருவமே கிடையாது. தை மாசத்திலும் வெறும் பனியன் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். மேகத்தை எட்டிப் பிடிக்கிற உயரத்தில் வீடு. லிஃப்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. வசந்தத்தில் கல்லீரல், கோடையில் இதயம், இலையுதிர் காலத்தில் நுரையீரல் என்று நாங்கள் ஒன்றொன்றாகக் கவனித்துக்கொள்கிறோமே, அந்த ஊரில் இருக்கிற உடம்புக்கு இப்போது யாருடைய முறை என்று எப்படித் தெரியும்? நிங்நிங்கிடம் கேட்டேன். "காலண்டர் இருக்கும்மா" என்றாள். பிள்ளையா அது.

முதல் ஃபூவன்று பற்று ஒட்டிய நர்ஸ் ஒரு சின்னப் பெண். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அளந்து அளந்து ஒட்டினாள். ஒட்டிக்கொண்டே பாடம் ஒப்பித்தாள். "ஃபேனுக்கு நேரா உக்காரக் கூடாது. ஐஸ் கூடாது. பிரிட்ஜ்ல வச்ச தர்பூசணி கூடாது. மத்தியானம் ஆனதும் எடுத்துடணும். வீட்டுல எடுத்துவிட ஆள் இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். பின்னால் வரிசையில் ஊரே நிற்கும்போது, எனக்கு யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மத்தியானம் வந்தது. முதுகில் யாரோ அடுப்புக்கரியை வைத்து ஊதுவது மாதிரி எரிந்தது. கையை மேலாக வளைத்து ஒன்றை உரித்தேன். கீழாக வளைத்து இன்னொன்று. முதுகு சொறிகிற மூங்கில் கையை வைத்து மூன்றாவதைக் கிளப்பினேன். தோள்பட்டை எலும்புக்கு உள்பக்கமாக ஒன்று இருந்தது பாருங்கள், அது மட்டும் எதற்கும் மசியவில்லை. கதவு நிலையில் கரடி மாதிரி தேய்த்துப் பார்த்தேன். பிளாஸ்திரி சுருண்டதே தவிர வரவில்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. கொப்புளம் எவ்வளவு பெரியதோ அவ்வளவு குளிர் வெளியே வந்தது என்று அர்த்தம். பூங்காவில் கொப்புளத்தைக் காட்டிப் பெருமை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கூடுதலாக ஒட்டியிருந்தால் கூடுதல் பலன் என்று நானும் நினைத்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனேன். டாக்டர் தெங் என் மகள் வயதுக்காரி. குனிந்து கொப்புளத்தைப் பார்த்தாள்.

"இது குளிர் இல்லம்மா, புண்ணு" என்றாள். "ஆள் இருக்குன்னு சொன்னீங்களாமே."

"அவசரமா வெளிய போயிட்டாங்க."

"சரி. இது ஆறினாதான் அடுத்தது. நடு ஃபூவுக்கு வர்றப்ப எடுத்துவிடுற ஆளோட பேரு, போன் நம்பர் ரெண்டும் சொல்லணும். இல்லன்னா ஒட்ட மாட்டேன். வருத்தப்படக் கூடாது."

வீட்டுக்கு நடந்து வரும்போது யாரைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஏரிக்கரைப் பூங்காவில் காலையில் மெல்லக் கைகால் அசைத்துத் தாய்ச்சிப் பயிற்சி செய்கிற கூட்டத்துக்கு நான்தான் முன்னால் நிற்பவள். கூட்டம் என்றால் இப்போது மிச்சம் இருப்பது கிழவர்கள்தான். பெரியவர் ஷியோங்கிடம் போய், ஐயா, கொஞ்சம் என் சட்டையைத் தூக்குங்கள் என்று கேட்டால் அவருக்கு மாரடைப்பு வரும். அதைவிட மோசமாக, சந்தோஷமும் வரலாம். பெண்களெல்லாம் எங்கே என்றால், பக்கத்துக் கற்பூர மரத்தடியில் ஊதா நிறப் பாய் விரித்து யோகா செய்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனவள் கோங் லிஷியா.

லிஷியாவும் நானும் ஒரே பஸ். நான் டிரைவர், அவள் கண்டக்டர். எங்கள் வயசெல்லாம் அந்த பஸ்ஸில்தான் போனது. கூட்டம் ஏறி முடிந்ததும் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டு பஸ்ஸின் வயிற்றில் பட் பட் என்று இரண்டு தட்டு தட்டுவாள். போகலாம் என்று அர்த்தம். கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுப்பேன், அவ்வளவு நம்பிக்கை. நிங்நிங் சின்னப் பிள்ளையாக இருந்தபோது என்ஜின் மூடிமேல் போர்வையை விரித்து உட்கார வைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன். அவளுக்குச் சோறு ஊட்டியதெல்லாம் லிஷியாதான். ஓய்வு பெற்ற பிறகும் அதே பஸ் கம்பெனிக் குடியிருப்பு. நான் மேலே, அவள் எனக்கு நேர் கீழே. கணவன்மார் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு தாய்ச்சிக்கும் சேர்ந்தே போனோம்.

பிறகு அவளுக்கு முழங்கால் மடக்க முடியாமல் போக, யாரோ சொல்லி யோகா பக்கம் போனாள். போகட்டும். ஆனால் என் பக்கத்து மரத்தடியிலேயே கடை விரித்து, என் ஆட்களையே இழுத்தால்?

"பாய் கொண்டு வந்துட்டா, அப்படியே தலைகாணியும் கொண்டு வரச் சொல்லுங்க. மூச்சு விடுறேன்னு படுத்துத் தூங்குறதுக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அவள் சும்மா இருப்பாளா. "இவ பஸ் ஓட்டின லட்சணத்துலதான் தாய்ச்சியும் சொல்லித் தர்றா. ஏறினவன் இறங்கவே முடியாது, ஸ்டாப்பே வராது" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். என் ஆட்களும் சிரித்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் நான் சுவரைப் பார்ப்பேன், அவள் கைப்பிடிக் கம்பியைப் பார்ப்பாள். குளிர்காலம் வந்தது, நான் தரையில் கிடந்தேன், பூட்டை உடைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அவள் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். எதிர்பார்த்தேன். ஒவ்வொரு முறை வார்டு கதவு திறந்தபோதும் பார்த்தேன்.

நடு ஃபூ வரைக்கும் பூங்காவில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ஆனால் வெள்ளைக் கொக்கு சிறகு விரிக்கிற அடவில் கை பாதிக்குமேல் எழவில்லை. புண் இழுத்தது. சமாளித்து அடுத்த அடவுக்குப் போய்விட்டேன். பின்னால் நின்ற கிழவர்கள் அப்படித்தான் போல என்று நினைத்து அவர்களும் பாதிக் கொக்காக விரித்தார்கள். தற்செயலாகப் பக்கத்து மரத்தடியைப் பார்த்தேன். லிஷியா பாயில் உட்கார்ந்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தவள் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிற கண் அது. நான் பார்த்ததும் அந்தப் பக்கமாக முறுக்கிக்கொண்டாள்.

நடு ஃபூ அன்று அதே நர்ஸ், அதே வரிசை. அன்று எரிகிற வெயில். அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, "எடுத்துவிடுற ஆள் பேரு?" என்றாள்.

பொய்ப் பெயர் ஒன்றை யோசித்து வைத்துத்தான் போயிருந்தேன். ஆனால் நம்பர் வேண்டுமே. என் தலைக்குள் இருக்கிற நம்பர் இரண்டே இரண்டு. ஒன்று நிங்நிங்குடையது.

"கோங் லிஷியா" என்று சொல்லிவிட்டு நம்பரையும் சொன்னேன்.

அந்தப் பெண் எழுதிக்கொள்வாள் என்று பார்த்தால், போனை எடுத்து அடித்தாள். டாக்டர் சொல்லியிருக்கிறாளாம். ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. என் பின்னால் இருந்தவர்களெல்லாம் கழுத்தை நீட்டுகிறார்கள்.

"யாரு?" என்றது லிஷியாவின் குரல். இத்தனை நாளுக்குப் பிறகும் பஸ் கடைசி வரைக்கும் கேட்கிற குரல்தான்.

"சீன வைத்திய ஆஸ்பத்திரிலேருந்து பேசுறோம். பெங் ருயின்ங்கிற அம்மாவுக்கு முதுகுல பற்று போடப் போறோம். மத்தியானம் நீங்கதானே எடுத்துவிடுவீங்க?"

நான் கீழே கிடந்த என் செருப்பைப் பார்த்தேன்.

"ஆமா" என்றாள் லிஷியா. "நான்தான் எடுப்பேன். வேற யாரு எடுப்பா." போனை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதுகு எரிய ஆரம்பித்தது. அவள் மேலே வருவாளா? நான் கீழே போக வேண்டுமா? ஆமாம் என்று சொன்னவள் அவள், அதனால் அவள்தான் வர வேண்டும். பெயரைச் சொன்னவள் நான், அதனால் நான்தான் போக வேண்டும். இப்படியே தர்க்கம் செய்துகொண்டிருந்ததில் மத்தியானமும் தாண்டியது. கீழே அவள் வீட்டில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. அவளும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். போன தடவைப் புண்ணின் தழும்பு மேலேயே இந்தத் தடவையும் கொப்புளித்தால் கடைசி ஃபூ கிடையாது. கடைசி ஃபூ இல்லையென்றால் ஷென்சென். நான் எழுந்து படியிறங்கினேன்.

ஒரு தட்டுதான் தட்டினேன். கதவு உடனே திறந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள், கள்ளி.

என்ன பேசுவது என்று தெரியாமல் திரும்பி நின்று சட்டையைத் தூக்கினேன்.

"அடியே, இத்தன நாள் கழிச்சு வாசல் வந்து, முகத்தக் காட்டாம முதுகக் காட்டுற" என்றாள் லிஷியா.

"எரியுதுடி. வாய மூடிட்டு எடு."

"உள்ள வா. எதிர் வீட்டுக்காரன் பாக்குறான். பாவம், பயந்துடுவான்."

முக்காலியில் உட்கார வைத்தாள். அவள் நகம் தோலில் படாமல் ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தாள். அந்த எட்டாத இடம் வந்ததும் கை நின்றது. பழைய புண்ணின் தழும்பைப் பார்த்திருப்பாள்.

"இத யாரு எடுத்தா போன தடவ?"

"கதவு."

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தாள். பிறகு மெல்ல, எனக்குப் பின்னாலிருந்தபடியே பேசினாள்.

"நீ புது வருஷத்துக்கு நிங்நிங் வீட்டுக்குப் போயிட்டன்னு நெனச்சேன்டி. மேல சத்தமே இல்லையேன்னு பாத்தேன். சரி, சொல்லிக்காம போயிட்டா, திமிரு புடிச்சவன்னு திட்டிட்டு இருந்தேன். நீ என் தலைக்கு மேல தரையில கெடந்திருக்க. பூட்ட உடைக்கிற சத்தம் கேட்டுதான் எனக்குத் தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாம்ல."

"வாசல் வரைக்கும் வந்தேன். என்னன்னு சொல்லிட்டு உள்ள வர்றது? கீழ் வீட்டுல இருந்துக்கிட்டே எனக்குத் தெரியலன்னா? திரும்பிட்டேன். அன்னையிலேருந்து தெனம் நீ நாற்காலிய இழுக்குற சத்தம் கேட்டாதான் எனக்குத் தூக்கம் வருது. கால்ல துணி கட்டித் தொலைக்காத அந்த நாற்காலிக்கு."

எனக்கு அழுகை வந்தது. திரும்பவில்லை. முதுகு அவள் பக்கம் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவள் சட்டையை இறக்கிவிட்டு, புண் இல்லாத இடமாகப் பார்த்து முதுகில் பட் பட் என்று இரண்டு தட்டு தட்டினாள்.

அந்தக் கோடையின் மிச்சமெல்லாம் சண்டையிலேயே போயிற்று. பேசாமல் இருந்த நாட்களுக்கெல்லாம் சேர்த்துச் சண்டை போட்டோம். அவள் யோகா முடித்து வந்து பிரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்து மடமடவென்று குடிப்பாள். வேர்த்த உடம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வயிற்றுச் சூடு அணைந்துபோகும் என்று பிடுங்கி வைப்பேன். அவள் பதிலுக்கு என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையும் வைத்து மூச்சை இழுத்துவிடச் சொல்வாள். படுத்துக்கொண்டு செய்கிற எதுவும் பயிற்சி இல்லை என்றேன். "உனக்கு நின்னுக்கிட்டே சாகணும், அவ்வளவுதானே" என்றாள். ஆனால் அந்தப் பாயில் படுத்தால் நெஞ்சுக் கட்டு கொஞ்சம் இளகியது உண்மை. இதை நான் அவளிடம் சொன்னதில்லை. கிழவர் ஷியோங் ஒருநாள், "ரெண்டு மரத்துக்கும் சமாதானமா?" என்று கேட்டார். "அவரவர் மரம் அவரவருக்கு" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

கடைசி ஃபூவுக்கு அவளும் கூடவே வந்து, நர்ஸிடம் "நான்தான் அந்த ஆள்" என்று தானாகவே போய்ச் சொன்னாள். இலையுதிர் காலம் தொடங்கியதும் பேரிக்காயைக் கற்கண்டோடு ஆவியில் வேகவைத்துக் காலையும் மாலையும் கொடுத்தாள். நுரையீரலின் பருவம் அது, வறண்டுவிடக் கூடாது. ஷால் இல்லாமல் பால்கனியில் நின்றால் கீழேயிருந்து கத்துவாள். நிங்நிங் தினமும் சாயங்காலம் வீடியோவில் வருவாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாள். ஆனால் அவள் காது கொடுப்பது பதிலுக்கு இல்லை, என் தொண்டைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். நான் தெளிவாகப் பேசுவேன். இரண்டு வார்த்தை கூடுதலாகவே பேசுவேன்.

ஏரியில் தாமரைத் தண்டெல்லாம் காய்ந்து முறிந்தது. குளிர் வந்தது. முதலில் ஒன்றும் இல்லை. நான் மிதப்பில் இருந்தேன். டாக்டர் தெங்குக்கு ஒரு கூடை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு, பகல் குறுகி இனிக் குறுக முடியாது என்கிற அந்த நாள் வருமே, எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு டோஃபு என்கிற சோயா தயிர்க்கட்டி சமைக்கிற நாள், அதற்கு முந்தின காலை, தொண்டையில் ஒரு நமைச்சலோடு கண் விழித்தேன். போன வருடத்து மாதிரி இல்லை. மூச்சு இரைக்கவில்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் இருமல் இருமல்தான்.

லிஷியா மேலே வந்து கேட்டாள். "எப்பலேருந்து?"

"காலையிலேருந்து. நிங்நிங்கிட்ட போன் கெட்டுப் போச்சுன்னு சொல்லிடலாமா?"

"போன தடவ போன எடுக்கலன்னு பூட்ட ஒடச்சாங்க. இந்தத் தடவ சுவரையே இடிப்பாங்க. பேசு. நான் பக்கத்துல இருக்கேன், பாத்துக்கலாம்."

"என்னத்தப் பாத்துப்ப?"

"பேசுடி."

அன்று சாயங்காலம் எப்படியோ இருமாமல் பேசி முடித்தேன். மறுநாள் சாயங்காலம் என் வீட்டு மேஜையில் தயிர்க்கட்டியும் கீரையும் போட்ட சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இருவரும் பஞ்சுக் கோட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. நிங்நிங்கின் முகம் வந்தது, அரைக்கைச் சட்டையில்.

"சித்தியும் இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. என்னம்மா சமையல்?"

"தயிர்க்கட்டி" என்றேன். அந்த ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. தொண்டை அரித்தது. வாயை இறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அடக்க அடக்க அது உள்ளேயிருந்து முட்டிக்கொண்டு வந்து, கடைசியில் வெடித்தேவிட்டது.

அதே நொடியில் லிஷியா இருமினாள். சாதாரண இருமலா அது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற இருமல். மேஜையைப் பிடித்துக்கொண்டு, தோளைக் குலுக்கி, என் இருமலின்மேல் தன் இருமலைப் போட்டு மூடினாள். நான் நிறுத்திய பிறகும் நிறுத்தவில்லை.

"மொளகா" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "சூப்புல மொளகா. தொண்டையில ஏறிடுச்சு. வயசாச்சுல்ல, நிங்நிங்."

நிங்நிங்கின் முகம் அசையவில்லை. திரையில் உறைந்துவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன். உறையவில்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, தயிர்க்கட்டி சூப்புல எங்கம்மா என்னைக்கு மொளகா போட்டிருக்கு?" என்றாள்.

லிஷியா சூப்பைப் பார்த்தாள்.

"என்ஜின் மேல உக்காந்து உங்க ரெண்டு பேர் இருமலையும் கேட்டு வளந்தவ நான். எது யாருதுன்னு தெரியாதா எனக்கு?"

எனக்கு வீடே காலடியிலிருந்து நழுவுகிற மாதிரி இருந்தது. அலமாரி, நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே இலையில்லாத மரம் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன். "பெட்டிய எப்ப கட்டணும்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது. வாக்கு வாக்குதான்.

நிங்நிங் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று ஆஸ்பத்திரியில் அழாதவள் இப்போது அழுதாள்.

"அம்மா, அன்னைக்கு நான் இருமலுக்காகவா பயந்தேன்? இருமாத மனுஷங்க இருக்காங்களா? நீ எத்தன நாள் இருமியிருக்க, அது ஒருத்தர் காதுலயும் விழலையே. அதத்தான்மா என்னால தாங்க முடியல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சித்தி, இது எப்பலேருந்து இருமுது?"

"நேத்துக் காலையிலேருந்து" என்றாள் லிஷியா, திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி. "காய்ச்சல் இல்ல. மூச்சு இரைக்கல. ராத்திரி ரெண்டு தடவ எழுந்துச்சு, நாற்காலி சத்தம் கேட்டுச்சு. நாளைக்குக் காலையில டாக்டர் தெங்கிட்ட கூட்டிட்டுப் போறேன். வரலன்னா இழுத்துட்டுப் போறேன்."

"தெனம் இந்த மாதிரி உண்மையச் சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"பொய்யா இருமக் கூடாது."

"இருமல."

"அப்ப அம்மா அங்கயே இருக்கட்டும்" என்றாள் நிங்நிங். "சூப்பு ஆறுது, சாப்பிடுங்க. அம்மா, அத அடக்காத. நெஞ்சுல கட்டிக்கும்."

லிஷியா என் முதுகில், அந்தக் கை எட்டாத இடத்தில், பட் பட் என்று இரண்டு தட்டு தட்டினாள். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் கேட்க, நன்றாக இருமினேன்.